பேரிஜம் தண்ணீர் குடித்து வளர்ந்தவன் கேட்பது

எங்கள் ஊர் பெரியகுளம். மொட்டை மாடியில் ஏறி வடக்கே பார்த்தால் கொடைக்கானல் மலைதான் அந்தத் திசையையே அடைத்துக்கொண்டு நிற்கும். ராத்திரியில் உச்சியில் வரிசையாக விளக்குகள் தெரியும். சின்ன வயதில் பாயில் படுத்துக்கொண்டு அவற்றை எண்ணுவேன், அப்போது எண்ணி முடிக்க முடிந்தது. இப்போது என் மகள் எண்ண ஆரம்பித்தால் பாதியில் விட்டுவிடுகிறாள், அவ்வளவு விளக்கு.

கொடைக்கானல் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ஏரி, படகு, பில்லர் ராக், ஹோம்மேட் சாக்லேட். எங்களுக்கு முதலில் தண்ணீர். குழாயில் வருவதை அம்மா ‘பேரிஜம் தண்ணி’ என்றுதான் சொல்வார். மதுரையிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் திரும்பிப் போகும்போது ஐந்து லிட்டர் கேனில் பிடித்துக்கொண்டு போவார்கள். ஏழாயிரம் அடிக்கு மேலே இருக்கும் பேரிஜம் ஏரித் தண்ணீர் காட்டுக்குள் இறங்கி, சோத்துப்பாறை அணை வழியாக எங்கள் வீட்டுச் செம்புக்குள் வருகிறது என்று நாலாம் வகுப்பிலேயே எனக்குத் தெரியும். மலை திண்டுக்கல் மாவட்டம், அணையும் ஊரும் தேனி மாவட்டம் என்பது ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த மாவட்டக் கோட்டைத் தண்ணீர் மதிப்பதில்லை, திட்டம் போடுகிறவர்கள் மட்டும்தான் மதிக்கிறார்கள். இந்தப் பதிவே அதைப் பற்றித்தான்.

ரெண்டு வருஷமாக மலையைப் பற்றி யார் பேசினாலும் பேச்சு இ-பாஸில் வந்து நிற்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதால் 2024 மே 7-ஆம் தேதி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. சீசனில் நீலகிரிக்குள் ஒரு நாளைக்கு இருபதாயிரம் வாகனங்கள் நுழைகின்றன என்ற கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் நீதிபதிகள் அந்த உத்தரவைப் போட்டார்கள். முதல் வருஷம் அது வெறும் பதிவு, கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்தது. 2025 ஏப்ரலிலிருந்துதான் எண்ணிக்கைக்கு வரம்பு வந்தது. கொடைக்கானலுக்கு வார நாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000. நீலகிரிக்கு 6,000, 8,000. அரசுப் பேருந்துக்கும் உள்ளூர் வண்டிகளுக்கும் விவசாயிகளின் சரக்கு வண்டிகளுக்கும் இந்தக் கணக்கு கிடையாது.

நான் இதை வரவேற்கிறவன். லாட்ஜ் வைத்திருக்கும் நண்பர்கள் கோபித்துக்கொண்டாலும் சொல்கிறேன், இது பத்து வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டும். மே மாதத்து ஞாயிற்றுக்கிழமையில் பெருமாள்மலையிலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி வரை வண்டிகள் அசையாமல் நிற்க, ஆம்புலன்ஸ் ஒன்று நடுவில் மாட்டிக்கொண்டு அலறியதைப் பார்த்தவன் நான். ஆனால் வாசலில் நின்று தலையை எண்ணுவது மட்டும் திட்டம் ஆகாது. கல்யாணத்துக்கு எத்தனை இலை விழும் என்று கணக்குப் போடுகிறோம், சரி. அடுப்பங்கரையில் அரிசி எவ்வளவு இருக்கிறது என்று யாராவது பார்க்க வேண்டாமா? மலையில் தண்ணீர் எவ்வளவு, புல் எவ்வளவு, சோலை எவ்வளவு மிச்சம் இருக்கிறது, அது கூடுகிறதா குறைகிறதா? 4,000 என்ற எண் இந்தக் கேள்விகளிலிருந்து பிறந்திருக்க வேண்டும். ரோடு எவ்வளவு வண்டி தாங்கும் என்பதிலிருந்து மட்டும் பிறக்கக் கூடாது.

ஒரே மலைமேல் எத்தனை திட்டம் இருக்கிறது என்று பாருங்கள். நகரத்துக்கு மாஸ்டர் பிளான். காட்டுக்கு வனத்துறையின் பத்தாண்டுத் திட்டம், அந்த இலாகாக்காரர்கள் பேச்சில் ‘வொர்க்கிங் பிளான்’. 2013-இல் 608 சதுர கிலோமீட்டருக்கு மேல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது, அதற்கென்று தனியாக மேலாண்மைத் திட்டம். மலைக் கிராமங்களில் கட்டடம் எழும்பினால் பார்க்க 1990-லிருந்து ஹாகா என்கிற மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம். அணைகளுக்கு நீர்வளத்துறை, குடிநீருக்கு நகராட்சி, பூங்காவுக்குத் தோட்டக்கலைத்துறை, படகுக்குச் சுற்றுலாத்துறை. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல், ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு வரைபடம், ஒரு வரைபடத்தில் இருக்கிற ஓடை இன்னொன்றில் இருக்காது.

மாஸ்டர் பிளான் என்பது ஐந்தாண்டுக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்துத் திருத்த வேண்டிய ஆவணம். கொடைக்கானல் மாஸ்டர் பிளான் வந்தது 1993-இல். கால் நூற்றாண்டு தாண்டியும் அதையே வைத்துக்கொண்டு ஊரை நடத்தினார்கள். இடையில் ஊர் எத்தனை மடங்கு பெருத்தது! திருத்தாத திட்டத்தில் புதிதாகக் கட்ட முறையான வழி இல்லை, வழி இல்லாததால் முறையில்லாமல் கட்டினார்கள், கடைசியில் உயர் நீதிமன்றம் தலையிட்டு வரிசையாகச் சீல் வைக்க வேண்டியதாயிற்று. கட்டியவர்களை மட்டும் குறை சொல்லி எனக்கு ஆறவில்லை. திருத்த வேண்டிய காலத்தில் திருத்தாமல் விட்டதும் ஒரு முடிவுதான், அதை யார் எடுத்தார்கள் என்று மட்டும் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

நான் ஒருமுறை சம்பந்தப்பட்ட அலுவலகம் ஒன்றுக்குப் போய், எங்கள் ஊருக்குத் தண்ணீர் வரும் நீர்ப்பிடிப்புப் பகுதி இந்தத் திட்டங்களில் எங்கே வருகிறது, வரைபடத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். மூன்று மேஜை மாற்றினார்கள். கடைசி மேஜையில் இருந்தவர் நல்ல மனிதர், டீ வாங்கிக் கொடுத்தார். “சார், நீங்க தேனி மாவட்டம். அங்கதான் கேக்கணும்” என்றார். அங்கே போனால் “மலை அவங்க பக்கம் சார்” என்றார்கள். அன்றைக்கு ஏற்பட்ட வருத்தம் இன்னும் போகவில்லை. தண்ணீர் குடிப்பவன் ஒரு மாவட்டத்தில், தண்ணீர் பிறக்கும் இடம் இன்னொரு மாவட்டத்தில் என்றால் அந்த இடத்தைப் பற்றிக் கேட்கக்கூட அவனுக்கு ஒரு மேஜை கிடையாதா?

இதில் ஒரு விஷயத்தை நேராகச் சொல்லிவிட வேண்டும். இந்த மலை திட்டம் இல்லாததால் கெட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, திட்டம் போட்டுத்தான் பாதி கெட்டது. கொடைக்கானலும் சேர்ந்த இந்தப் பழனி மலைகளின் மேல்தளம் ஒரு காலத்தில் பெரும்பாலும் புல்வெளி. மடிப்பு மடிப்பான புல்மேடுகள், அந்த மடிப்புகளின் பள்ளத்தில் மட்டும் கருகருவென்று சோலைக்காடு, சோலைக்கு அடியில் சதுப்பு, சதுப்பிலிருந்து ஓடை. இதுதான் இந்த மலையின் அமைப்பு. மேலே இருந்து பார்த்த அதிகாரிகளுக்கு அந்தப் புல்வெளி சும்மா கிடக்கிற தரிசாகத் தெரிந்தது. தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று வாட்டில் என்கிற அந்நிய மரத்தை வைத்தார்கள், விறகுக்கும் மரக்கூழுக்கும் யூகலிப்டஸ் வைத்தார்கள், பைன் வைத்தார்கள். எந்த வருஷம் நட வேண்டும், எந்த வருஷம் வெட்ட வேண்டும் என்று பத்தாண்டுத் திட்டங்களில் சுத்தமாக எழுதி வைத்திருந்தார்கள். மரம் எவ்வளவு கிடைக்கும் என்ற கேள்விக்கு அந்தத் திட்டங்களில் பதில் இருந்தது. தண்ணீர் என்ன ஆகும் என்ற கேள்வியே இல்லை.

செயற்கைக்கோள் படங்களை வைத்து ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்திலிருந்து நாற்பது ஆண்டுகளில் பழனி மலைகளின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. வீடு கட்டி, ரிசார்ட் கட்டிப் போனது இதில் கொஞ்சம்தான். பெரும்பகுதியை விழுங்கியது நட்ட மரங்களும், அவை தானாகப் பரவியதும், விவசாயமும். ‘காடு வளர்ப்போம்’ என்று சுவரில் எழுதிய காலத்தில் வளர்ந்த எனக்கு, மரம் வைத்து ஒரு இடம் கெட்டுப்போகும் என்பதை மனசு ஏற்றுக்கொள்ளவே சில வருஷம் ஆயிற்று. பில்லர் ராக் போகும் வழியில் இருக்கும் பைன் காட்டில் எல்லோரும் இறங்கிப் படம் எடுக்கிறார்கள், நானும் எடுத்திருக்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது. குனிந்து தரையைப் பாருங்கள். சருகு, சருகு, மறுபடி சருகு.

நீலகிரியில் கிளென்மார்கன் என்ற இடத்தில் மத்திய மண், நீர்வள ஆய்வு மையத்துக்காரர்கள் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டுவிட்டு, மற்றதில் யூகலிப்டஸ் வைத்து, இரண்டிலிருந்தும் வெளியே வரும் தண்ணீரை வருஷக்கணக்கில் அளந்தார்கள். முதல் பத்தாண்டுச் சுற்றில் மரம் வைத்த பக்கம் தண்ணீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய பிறகு அடிக்கட்டையிலிருந்து துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் இன்னும் அதிகமாகக் குறைந்தது. இந்த விடையைக் கண்டுபிடிக்க இருபது வருஷம் ஒரே ஓடையின் பக்கத்தில் உட்கார்ந்து அளக்க வேண்டியிருந்தது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று வருஷத்தில் மாற்றலாகிப் போகிற அதிகாரிக்கும், ஐந்து வருஷத்தில் முடிகிற ஆட்சிக்கும் இந்த மாதிரி விடை கண்ணில் படவே படாது.

போன பிப்ரவரியில் பாஸ் வாங்கிக்கொண்டு பேரிஜம் போனேன். கூட வந்தவர் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், காட்டில் வாட்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். மதிகெட்டான் சோலைப் பக்கம் வண்டியை நிறுத்தினோம். (உள்ளே போனால் திசை தெரியாமல் மதிகெட்டுப் போவான் என்பதால் அந்தப் பெயர். இதைவிட நல்ல எச்சரிக்கைப் பலகையை எந்தத் துறையும் எழுதியதில்லை.) ரோட்டோரம் புல்லுக்கு நடுவே ஒரு சாண் உயரத்தில் இறகு இறகான இலையோடு ஒரு செடி. பார்க்க நம்ம ஊர்த் தொட்டாச்சிணுங்கி மாதிரி சாதுவாக இருந்தது. அண்ணன் உட்கார்ந்து, அடியை இரண்டு விரலால் பிடித்து, ஆட்டி ஆட்டி மெதுவாக இழுத்தார். வெள்ளை வேர் முழுசாக வந்தது. வேரை என் உள்ளங்கையில் வைத்தார். ஈரமாக, தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனாக இருந்தது.

“இதான் வாட்டில். இப்ப ரெண்டு வெரல்ல வருது பாரு. மூணு வருஷம் விட்டா மம்பட்டி வேணும். பத்து வருஷம் விட்டா அறுவாளும் ஆளும் வேணும்.”

“வெட்டிட்டா முடிஞ்சிருமாண்ணே?”

“எங்கிட்டுத் தம்பி முடியும்? வெட்டுன எடத்துல வெயில் படும். வெயில் பட்டா மண்ணுக்குள்ள கெடக்குற வெதையெல்லாம் எந்திரிக்கும். தீ வச்சா இன்னும் சாஸ்தியா மொளைக்கும். ஒரு மரத்த வெட்டிட்டு ஆயிரம் கன்னுக்குப் பதில் சொல்லணும்.”

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. வாட்டில் விதையின் ஓடு அவ்வளவு கெட்டி, மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். என் மகளின் பிள்ளைகள் வந்து பார்க்கும்போது முளைக்கப்போகும் விதை இன்றைக்கே அங்கே கிடக்கிறது. ஆகவே ‘இத்தனை ஹெக்டேரில் அந்நிய மரங்கள் அகற்றப்பட்டன’ என்று பத்திரிகையில் செய்தி வந்தால் நான் சந்தோஷப்படுவதற்கு முன்னால், அடுத்த வருஷம் அதே இடத்துக்கு யார் போவார்கள், அதற்கு அடுத்த வருஷம் யார் போவார்கள், கூலிக்குப் பணம் எந்தக் கணக்கில் வரும் என்று கேட்கிறேன். வெட்டுவதற்கு டெண்டர் இருக்கிறது, மரம் விலைபோகும். கன்று பிடுங்க டெண்டர் கிடையாது, அது விலைபோகாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. வட்டக்கானல் பக்கம் பல வருஷம் நாற்று வளர்த்து, காட்டைக் கவனித்துவந்த இயற்கை ஆர்வலர்கள் காட்டிக்கொடுத்தது இது. பழைய வாட்டில் தோப்புகள் சிலவற்றின் நிழலில், பக்கத்துச் சோலையிலிருந்து பறவைகள் கொண்டுவந்து போட்ட விதைகள் முளைத்து, சோலை மரக்கன்றுகள் மெல்ல வளர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த இடத்தில் வாட்டிலை மொத்தமாக வெட்டினால் அடியில் வரும் சோலையும் செத்துப்போகும். அதனால் ஒரே உத்தரவை மலை முழுக்க நீட்ட முடியாது. இங்கே புல்வெளி இன்னும் உயிரோடு இருக்கிறது, ஓரத்தில் கன்று பிடுங்கினால் போதும். இங்கே தோப்புக்குள் சோலை வருகிறது, தொடாமல் விட்டுவிடு. இங்கே இரண்டும் இல்லை, கொஞ்சம் கொஞ்சமாகத் திற. இப்படி இடம் இடமாக நடந்து பார்த்து எழுதுவதுதான் திட்டம். 2022-இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களுக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்திருக்கிறது, அது பெரிய விஷயம், மனமாரப் பாராட்டுகிறேன். அது நடக்க வேண்டுமானால் கொள்கையின் வயதும் அந்த விதையின் வயதும் கொஞ்சமாவது ஒத்துப்போக வேண்டும்.

பயணிகள் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். அமெரிக்காவில் தேசியப் பூங்காக்களுக்கு எவ்வளவு பேர் வரலாம் என்று திட்டத்தில் எழுதியாக வேண்டும் என 1978-இல் சட்டமே போட்டார்கள். போட்டுவிட்டு, அந்த எண்ணைக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடினார்கள். ஏனென்றால் சத்தம் போடாமல் நடந்துபோகிற நூறு பேரும், ஓடைக்குள் ஜீப்பை இறக்கிக் கழுவுகிற பத்துப் பேரும் ஒன்றல்ல. 1985-இல் அந்த நாட்டு வனத்துறை ஆய்வாளர்கள் கேள்வியையே மாற்றினார்கள். எத்தனை பேர் வரலாம் என்பதை விட்டுவிட்டு, இந்த இடத்தில் எவ்வளவு மாற்றம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளலாம் என்று கேட்டார்கள். பாதை எவ்வளவு அகலமாகலாம், கரையில் எத்தனை இடத்தில் புல் தேய்ந்து மண் தெரியலாம் என்று முதலிலேயே எழுதி வைத்துக்கொள்வது. வருஷா வருஷம் போய் அளப்பது. எழுதிய கோட்டை மாற்றம் தாண்டினால் கூட்டத்தைக் குறைப்பது, அல்லது அந்தப் பாதையையே மூடுவது. மொண்டானா மாநிலத்தில் பாப் மார்ஷல் என்ற பெருங்காட்டில் முதலில் இதைச் செய்து பார்த்தார்கள், அந்தக் காட்டைப் பயன்படுத்துகிற ஊர்க்காரர்களையும் குதிரைக்காரர்களையும் கூட உட்கார வைத்துக்கொண்டு.

பேரிஜத்துக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் என் மனசில் வருவது இதுதான். ஏரிக்குள் வந்து விழும் ஓடைகள் ஏப்ரல் மாதம் எத்தனை நாள் ஓடின. கரையோரப் புல்வெளிக்குள் வாட்டில் கன்று எத்தனை அடி நுழைந்திருக்கிறது. காட்டுமாடும் யானையும் தண்ணீர் குடிக்க வரும் தடத்தில் சுற்றுலா வண்டி எத்தனை நாள் குறுக்கே நின்றது. (யானை வந்தால் வனத்துறை பேரிஜத்தை மூடிவிடுகிறது, அது சரியான முடிவு. பாஸ் கிடைக்காமல் திட்டிக்கொண்டே திரும்புகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும், நாம் போயிருப்பது யானையின் குடிநீர்த் தொட்டிக்கு, எங்கள் ஊரின் குடிநீர்த் தொட்டிக்கு.) இந்த மூன்றையும் அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு டேப், ஒரு நோட்டு, விடாமல் போகிற ஒரு ஆள். அந்த எண்களை வருஷா வருஷம் எழுதிச் சுவரில் ஒட்டினால் வாசலில் 4,000 வண்டியா 2,500 வண்டியா என்பதற்கு அப்புறம் ஒரு அர்த்தம் வரும்.

இப்போது நம் மலைகளில் விதி எப்படி வருகிறது? யாராவது செத்தால் வருகிறது. 2018 மார்ச் 11 எங்கள் மாவட்டத்துக் குரங்கணி மலையில், காய்ந்த புல்லில் பிடித்த தீயில் மலையேற வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். 23 உயிர் போயிற்று. அன்று ராத்திரி போடி ரோட்டில் ஆம்புலன்ஸ்கள் தேனிக்குப் போய்க்கொண்டே இருந்த சத்தம் இந்தப் பக்கத்துக்காரர்கள் யாருக்கும் மறக்காது. அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கு முறையான விதிகள் வந்தன. ஆறு வருஷம் கழித்து, 2024 அக்டோபரில், வழிகாட்டிகளோடு நாற்பது பாதைகளை அரசே திறந்தது. நல்ல ஏற்பாடு, அந்தந்த ஊர் இளைஞர்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டியாக வைத்திருக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் புல் காயும் என்பது எங்கள் ஆடு மேய்க்கிற தாத்தாக்கள் அத்தனை பேருக்கும் தெரியும். தெரிந்த ஒன்று விதியாக எழுதப்பட 23 பேர் போக வேண்டியிருந்தது. எனக்கு இதைத் தாங்க முடியவில்லை.

திட்டம் எழுதும்போது யார் யார் உட்கார வேண்டும் என்பதும் இங்கேதான் வருகிறது. பழனி மலைப் பளியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கிழங்கும் தேனும் எடுத்து, எந்தப் பாறையிடுக்கில் கோடையிலும் நீர் கசியும் என்று தெரிந்து வைத்திருப்பவர்கள். 2006 வன உரிமைச் சட்டம் காட்டைக் காப்பதிலும் நிர்வகிப்பதிலும் கிராம சபைக்கு உரிமை கொடுத்திருக்கிறது, இது தயவில் கூப்பிடுகிற விஷயமே இல்லை. கும்பக்கரைக்கு மேலே வெள்ளகவி இருக்கிறது, வட்டக்கானலிலிருந்து அந்த வழியாகத்தான் நடைபாதை இறங்குகிறது. ரோடு வருவதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து மலையேறியதெல்லாம் கால்நடையாகவும் டோலியிலும்தான். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் பூண்டு போடுகிற விவசாயிகள் இருக்கிறார்கள், மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடே கிடைத்தது. அவர்கள் வாழ்வையும் தண்ணீரையும் சேர்த்து யோசிக்காமல் ‘மலையைக் காப்பாற்று’ என்று கீழே உட்கார்ந்துகொண்டு நான் சொன்னால் அது நியாயமில்லை. ஜீப் ஓட்டுகிற தம்பிகள், ஹோம்ஸ்டே நடத்துகிற அக்காமார்கள், அப்புறம் கீழே சோத்துப்பாறை, மஞ்சளாறு, மருதாநதி, வரதமாநதி என்று மலையைச் சுற்றி இருக்கிற அத்தனை அணைகளின் பாசன விவசாயிகள். இவர்களில் ஒருவரைக்கூட இதுவரை யாரும் கூப்பிட்டு, அடுத்த இருபது வருஷம் இந்த மலை எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டதாக நான் கேள்விப்படவில்லை. எங்கள் தாத்தா வைத்த மாந்தோப்பு வராக நதித் தண்ணீரில் நிற்கிறது. கேட்டால் எனக்கும் சொல்ல நாலு வார்த்தை உண்டு.

பணம் பற்றி ஒன்று மட்டும். கும்பக்கரை அருவியில் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், பேரிஜம் பாஸுக்குப் பணம், பிரையண்ட் பூங்காவுக்குப் பணம், கொடைக்கானலில் சிறிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு இருபது ரூபாய் பசுமை வரி. யாரும் கொடுக்க மறுப்பதில்லை. டாஸ்மாக் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டம் 2022-இல் நீலகிரியில் தொடங்கியது, அதற்கப்புறம் யானைத் தடத்தில் உடைந்த பாட்டில்கள் எவ்வளவோ குறைந்தன. பணம் எதற்கு என்று கண்ணுக்குத் தெரிந்தால் ஜனங்கள் ஒத்துழைப்பார்கள். வாங்குகிற கட்டணத்தில் ஒரு பங்கை, இன்னின்ன சரிவில் இருபது வருஷத்துக்குக் கன்று பிடுங்க என்று தனியாகப் பூட்டி வைத்து, அந்த வேலையை மேலே இருக்கிற ஊர்ப் பெண்களுக்கும் பளியர் குடும்பங்களுக்கும் நிரந்தரக் கூலி வேலையாகக் கொடுத்தால், அதிகாரி மாறினாலும் ஆட்சி மாறினாலும் அந்தச் சரிவுக்கு யாராவது திரும்பிப் போய்க்கொண்டே இருப்பார்கள். நுழைவுச் சீட்டின் பின்பக்கத்தில் அந்தச் சரிவின் பெயரைப் போடுங்கள். வருகிறவனும் அடுத்த முறை அதைப் பார்க்க ஆசைப்படுவான்.

2006-இல் குறிஞ்சி பூத்தபோது அப்பாவோடு போனேன், 2018-இல் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். அடுத்தது 2030. குறிஞ்சிக்குப் புல்வெளிச் சரிவு வேண்டும், வாட்டில் நிழலில் அது வராது. 2006-இல் அப்பா கைநீட்டிக் காட்டிய ஒரு சரிவு, மன்னவனூர் போகும் வழியில், 2018-இல் பாதிதான் நீலமாக இருந்தது, மீதிப் பாதியில் மரம். அதே இடத்தில் நின்று எடுத்த இரண்டு படங்களும் என்னிடம் இருக்கின்றன. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த அறிக்கையும் வேண்டியதில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுப் பழைய ஆல்பத்தில் கொடைக்கானல் படம் கண்டிப்பாக இருக்கும். குடும்பத்தோடு போனது, கல்யாணமான புதிதில் போனது, காலேஜ் டூர். ஆட்கள் முன்னால் நின்றாலும் பின்னால் மலைச்சரிவு விழுந்திருக்கும். பேரிஜம், மன்னவனூர், பூம்பாறை, கவுஞ்சி, எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி. அந்தப் படங்களைச் சேர்த்து, 2030 சீசனுக்கு முன்னால் ஒவ்வொரு இடத்திலும் அதே கோணத்தில் மறுபடி படம் எடுத்து, மொத்தத்தையும் இரண்டு மாவட்ட ஆட்சியர்களின் மேஜையிலும் வைக்கலாம் என்று நாங்கள் நாலு பேர் கிளம்பியிருக்கிறோம். படத்தின் பின்னால் தாத்தாவோ அத்தையோ பேனாவில் வருஷம் எழுதி வைத்திருந்தால், அந்தப் பக்கத்தையும் ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்புங்கள்.